கடைசி பெஞ்ச், ரெட்டை ஜடை, புள்ளிங்கோ: பள்ளிப் படங்கள் யாரைக் காட்டுகின்றன?

1985இல் வந்த 'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்' படத்தில் ஒரு மதியச் சாப்பாட்டுக் காட்சி உண்டு. சனிக்கிழமை. தண்டனையாகப் பள்ளி நூலகத்தில் உட்கார வைக்கப்பட்ட ஐந்து மாணவர்கள். பணக்கார வீட்டுப் பெண் பதவிசாகப் பரப்பி வைத்துக்கொண்டு சுஷி சாப்பிடுகிறாள். அந்தக் காலத்து அமெரிக்கப் புறநகரில் சுஷி என்றாலே அந்தஸ்து. மல்யுத்த வீரன் பையிலிருந்து எடுக்க எடுக்கச் சாப்பாடு வந்துகொண்டே இருக்கிறது. நன்றாகப் படிக்கிற பையனுக்குச் சூப், ஜூஸ், ஓரம் நறுக்கிய சாண்ட்விச் என்று வீட்டில் பார்த்துப் பார்த்துக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். யாரோடும் ஒட்டாத பெண், ரொட்டிக்குள் இருந்த கறியைத் தூக்கி எறிந்துவிட்டு, சர்க்கரையையும் கார்ன்ஃபிளேக்ஸ் மாதிரியான காலை உணவுச் சீரியலையும் கொட்டி மொறுமொறுவென்று தின்கிறாள். ரவுடிப் பையன் கொண்டு வந்தது எதுவும் இல்லை. மற்றவர்களின் பொட்டலத்தைக் கிண்டல் செய்துகொண்டே நேரத்தை ஓட்டுகிறான்.

யார் எந்த வீட்டுப் பிள்ளை என்பதை இயக்குநர் ஜான் ஹ்யூஸ் சாப்பாட்டை வைத்தே சொல்லி முடித்துவிடுகிறார். மூளைக்காரன், விளையாட்டுக்காரன், விநோதமானவள், இளவரசி, ரவுடி என்று அந்த ஐந்து அச்சுகளையும் பெயர் சொல்லியே படம் தொடங்குகிறது. மாலைக்குள் அவை பொய் என்று காட்டப் பார்க்கிறது. பாதிதான் முடிகிறது. ஒட்டாத பெண்ணுக்கு இளவரசி மேக்கப் போட்டுவிட்ட பிறகே மல்யுத்தக்காரனின் கண்ணுக்கு அவள் அழகாகத் தெரிகிறாள். படிக்கிற பையனுக்கு ஜோடி கிடையாது. ஐந்து பேருக்கும் சேர்த்துக் கட்டுரை எழுதுகிற வேலை மட்டும் அவன் தலையில் விழுகிறது. அதில் இளவரசியாக நடித்த மோலி ரிங்வால்டே 2018இல் 'தி நியூயார்க்கர்' இதழில் எழுதிய கட்டுரையில், தன் மகளோடு உட்கார்ந்து அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தபோது பெண்களை அது நடத்தும் விதம் உறுத்தியதைப் பேசியிருந்தார்.

நம் ஊர்ப் படங்களைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் அமெரிக்கப் படம் எதற்கு என்று கேட்கலாம். அந்த அச்சுகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால்தான், நம் படங்களில் அவை ஏன் ஒட்டுவதில்லை, நமக்கென்று வேறு எந்த அச்சுகள் இருக்கின்றன என்பது பிடிபடும்.

அமெரிக்க ஹைஸ்கூல் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை. பெரும்பாலும் அந்தந்த வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே அரசுப் பள்ளிக்கு வருகிறார்கள். ஒவ்வொரு பீரியடுக்கும் மாணவர்கள்தான் அறை மாறிப் போக வேண்டும். அதனால் நடைபாதை, அதன் ஓரத்தில் லாக்கர். மதியம் கேன்டீன் மாதிரி ஒரு பெரிய கூடம், அங்கே யாரோடு உட்காருவது என்பது உங்கள் பாடு. பல மாநிலங்களில் 16 வயதில் லைசென்ஸ், கையில் கார். ஆசிரியர் கண்ணில் படாத இடமும் நேரமும் அங்கே தாராளம். அந்த இடத்தை யார் ஆள்வது என்ற போட்டியில்தான் 'பாப்புலர்' பெண்ணும் கால்பந்துக்காரனும் உருவாகிறார்கள். சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் இல்லினாய் மாநிலத்தில் 10 பள்ளிகளை ஆராய்ந்து 1961இல் புத்தகம் போட்டார். பள்ளியில் எப்படி நினைவுகூரப்பட விரும்புகிறாய் என்று மாணவர்களைக் கேட்டால், படிப்பில் கெட்டிக்காரன் என்பதைவிட விளையாட்டு நட்சத்திரம் என்பதையே பையன்கள் அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். ஹ்யூஸ் கதை நடக்கிற கற்பனை ஊரும் அதே இல்லினாய்தான். 2004இல் வந்த 'மீன் கேர்ள்ஸ்' படத்தில், புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குச் சாப்பாட்டுக் கூடத்தின் வரைபடம் ஒன்றையே போட்டுக் கொடுக்கிறார்கள்: எந்த மேசை யாருடையது என்று. ஆக, அவை ஹாலிவுட் காற்றில் பிடித்த அச்சுகள் இல்லை. ஒரு குறிப்பிட்ட பள்ளி அமைப்பைப் பார்த்து எடுத்து, மிகைப்படுத்தியவை.

சென்னைப் பள்ளியில் இந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. மாணவர் ஒரே அறையில், ஒரே பெஞ்சில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். மிஸ்ஸும் சாரும்தான் மாறி மாறி வருவார்கள். எந்த பெஞ்ச் என்பதையும் உயரத்தை வைத்தோ மார்க்கை வைத்தோ கிளாஸ் டீச்சர் முடிவு செய்வார். ஆண் பெண் சேர்ந்து படிக்கிற பள்ளியாக இருந்தாலும் பல இடங்களில் வரிசை தனித்தனி. சாப்பாடு வகுப்பறையிலோ மரத்தடியிலோ. பி.டி. பீரியடை மேத்ஸ் சார் வாங்கிக்கொள்வார். சாயங்காலம் டியூஷன். பெரியவர்கள் இல்லாத நேரம் என்று தேடினால், வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் பஸ்ஸிலோ சைக்கிளிலோ போகிற அரை மணி நேரம் தேறும். தமிழ்ப் படங்களில் பள்ளிப் பிள்ளைகளின் காதலும் சண்டையும் பெரும்பாலும் பஸ் ஸ்டாப்பில் நடப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

அப்படியானால் இங்கே ஒருவர் யார் என்பதை எது தீர்மானிக்கிறது? மார்க்கும் பெஞ்சும். படிப்ஸ், கடைசி பெஞ்ச், இரண்டுக்கும் நடுவில் லீடர். பேசினவர்கள் பெயரை போர்டில் எழுதி, திரும்பப் பேசினால் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போகிற அந்தப் பிள்ளையை எந்தத் தமிழருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு மார்க்கைப் பார்த்து, பதினொன்றில் இன்னொரு பிரிவினை வரும்: ஃபர்ஸ்ட் குரூப், காமர்ஸ், வொகேஷனல். ஒரே பள்ளியில் இங்கிலீஷ் மீடியம், தமிழ் மீடியம் என்று பிரிந்திருந்தால் அது தனிக் கதை. நிஜப் பள்ளியில் பிள்ளைகளை ஆட்டிப்படைக்கும் இந்தப் பிரிவினைகளில் சினிமா எடுத்துக்கொண்டது பெஞ்சை மட்டும். வொகேஷனல் குரூப் மாணவனை அந்த அடையாளத்தோடு மையத்தில் வைத்து எழுதிய கதை எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பெஞ்சை எடுத்துக்கொண்டபோதும் சினிமா அதைத் தலைகீழாக்கிக்கொண்டது. அமெரிக்கப் பள்ளியில் நன்றாகப் படிக்கிறவன் சக மாணவர்களின் கேலிக்கு ஆளாகிறவன். இங்கே அவனுக்கு வீட்டிலும் பள்ளியிலும் ராஜமரியாதை. மாநில அளவில் முதல் மூன்று இடங்களைப் பிடித்தவர்கள் ஒரு காலத்தில் முதலமைச்சரோடு நின்று பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்தார்கள். 2017இல் அரசு அந்த ரேங்க் அறிவிப்பை நிறுத்தும்வரை மே மாதம் என்றாலே அந்தப் படங்கள்தான். பள்ளி வாசல் ஃபிளெக்ஸ் இன்னும் போகவில்லை. ஆனால் தியேட்டரில் கைதட்டு கடைசி பெஞ்சுக்கு. அந்த ஃபிளெக்ஸில் படம் வராதவர்கள்தானே டிக்கெட் வாங்குகிறவர்களில் ஏறக்குறைய எல்லோரும்? பரீட்சை கொடுக்காத ஜெயிப்பை இரண்டரை மணி நேரத்துக்கு சினிமா கொடுக்கிறது. அதற்குப் பலியாவது படிப்ஸ். சோடாபுட்டிக் கண்ணாடி, எண்ணெய் தடவிய தலை, போட்டுக்கொடுக்கிற புத்தி. அவனுக்கென்று ஒரு வீடு, ஒரு பயம், ஒரு ஆசை எதுவும் எழுதப்படுவதில்லை.

2025இல் வந்த 'டிராகன்' இந்த விஷயத்தில் கொஞ்சம் சுவாரசியம். பள்ளியில் ஒழுங்காகப் படித்து நல்ல மார்க் வாங்கிய பையன், ஒரு பெண் தன்னை மறுத்துவிட்டாள், அவளுக்குப் பிடித்தது கெத்தான பையன்தான் என்பதற்காகவே கல்லூரிக்குப் போனதும் ரவுடி வேஷம் கட்டுகிறான். 48 அரியர் வைக்கிறான். படிப்ஸ், கெத்து இரண்டுமே சட்டை மாதிரி மாட்டிக் கழற்றக்கூடிய வேடம் என்று படம் சொல்ல வருகிறது. சரியான இடத்தைத் தொட்டது என்றே சொல்வேன். ஆனால் அந்தப் பெண் எதற்காக அப்படிச் சொன்னாள் என்று ஒரு காட்சி யோசித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவள் வந்த வேலை, அவனை மாற்றிவிட்டுப் போவது.

இங்கேதான் நம் பள்ளிப் படங்களின் அடிப்படைப் பிரச்சினை வருகிறது. என்னென்ன அச்சுகள் என்று பட்டியல் போடுவதைவிட, அந்தப் பள்ளியைப் பார்க்கிற கண் யாருடையது என்று கேட்டுப் பார்க்கலாம். தமிழ்ப் படத்தில் பள்ளிக்கூடம் பெரும்பாலும் ஃபிளாஷ்பேக். முப்பது, முப்பத்தைந்து வயதில் ஓர் ஆண் திரும்பிப் பார்க்கிறான். அவன் கண்ணுக்கு என்ன தெரியும்? ரெட்டை ஜடை. மடித்துக் கட்டிய ரிப்பன், சைக்கிள், தாவணியோ சுடிதாரோ, தெருமுனையில் ஒரு திரும்பிப் பார்வை, மெதுவாக ஓடும் ஃபிரேம். அந்தப் பெண் எந்தப் பாடத்தில் தவித்தாள், யாரோடு சண்டை போட்டாள், மாதவிலக்கு நாளில் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லாத பள்ளியில் என்ன செய்தாள் என்பது அவனுக்குத் தெரியாது. அவன் பார்த்ததும் கிடையாது. அவன் நினைவில் இல்லாத ஒன்று படத்தில் எப்படி வரும்?

1981இல் பாரதி-வாசு எடுத்த 'பன்னீர் புஷ்பங்கள்' பள்ளிப் பருவக் காதலுக்கு ஊட்டி விடுதிப் பள்ளியைத் தேடிப் போனது. கோட்டு போட்ட மாணவர்கள், பனி, இளையராஜா. சமவெளிப் பள்ளியில் ஓர் ஆணும் பெண்ணும் நாலு வார்த்தை நிம்மதியாகப் பேச இடம் இல்லாததால் கதை மலை ஏறியது என்று இப்போது பார்க்கும்போது தோன்றுகிறது. 2018இல் பிரேம்குமாரின் '96' தஞ்சாவூர் வகுப்பறையைக் காட்டியது, ஆனால் சென்னையில் நடக்கும் ரீயூனியனிலிருந்து திரும்பிப் பார்க்கும் கண் வழியாகத்தான். அதில் ஒரு வித்தியாசம்: ஜானு பாடுகிறாள், கேள்வி கேட்கிறாள், வெட்கப்பட்டு ஓடுவது பையன். சிறு வயது ராமாக ஆதித்யா பாஸ்கரும் ஜானுவாக கௌரி கிஷனும் அந்த வயதுக்கு நெருக்கமான முகத்தோடு இருந்ததும் படத்துக்குப் பெரிய பலம்.

முகம் என்றதும் வயதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹாலிவுட்டில் இது பழைய நோய். 1978இல் வந்த 'கிரீஸ்' படத்தில் ஹைஸ்கூல் மாணவியாக நடித்தபோது ஸ்டாக்கர்ட் சானிங்குக்கு 33 வயது. நம் பக்கமும் குறைச்சல் இல்லை. 'வாரணம் ஆயிர'த்தில் பள்ளி மாணவனாக வந்த சூர்யாவுக்கு 33, 'டான்' பள்ளிக் காட்சிகளில் சிவகார்த்திகேயனுக்கு முப்பத்தைந்துக்கு மேல். உடம்பை இளைத்து, மீசையை எடுத்து அவர்கள் பட்ட பாடு வேறு விஷயம். தயாரிப்பாளர் பக்கத்திலும் காரணம் உண்டு: 14 வயதுக்கு உட்பட்டவர்களை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது என்று 2017 விதி சொல்கிறது, பதினாறு, பதினேழு வயதுக்காரரை நடிக்க வைத்தாலும் பரீட்சை, பள்ளி என்று தேதி கிடைக்காது, ஸ்டார் இல்லாமல் வியாபாரம் ஆகாது. விளைவு என்னவோ ஒன்றுதான். முகத்தில் பருவும், உடைந்த குரலும், கை கால் மட்டும் வளர்ந்து நிற்கிற கோணல் உடம்பும் திரையில் காணாமல் போகிறது. 15 வயதுப் பிள்ளை தன் வயதுக்காரரைத் திரையில் தேடினால் ஜிம் உடம்போடு ஒரு அண்ணன் நிற்கிறார்.

2012ஆம் வருஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பாருங்கள். அந்த ஒரே வருஷத்தில் '3', 'வழக்கு எண் 18/9', 'அட்டகத்தி', 'சாட்டை' நாலும் வந்தன. நாலிலும் பள்ளி வயதுப் பிள்ளைகள் உண்டு. நாலும் நாலு கண்ணால் பார்த்தன.

'3' படத்தில் தனுஷுக்கு 28 வயது, பாத்திரம் +2 மாணவன். வசதியான சென்னை வீடு, அழகான பெண், அவள் பின்னாலேயே அலைகிற காதல், பிற்பாடு கல்யாணம், துயரம். பள்ளி அதில் ஒரு முன்னுரை. 'சாட்டை' அரசுப் பள்ளியைத் திருத்த வந்த ஆசிரியரின் கதை. சமுத்திரக்கனி நின்றால் மாணவர்கள் கூட்டம். பின்னால் ஜோதிகாவின் 'ராட்சசி', தனுஷின் 'வாத்தி' என்று இந்த வரிசை நீண்டது. அரசுப் பள்ளியைப் பற்றி அக்கறையாகப் பேசிய படங்கள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மீட்பர் ஒருவர் வாசலில் வந்து இறங்கிய உடனே பிள்ளைகள் மீட்கப்பட வேண்டியவர்கள் ஆகிவிடுகிறார்கள். அடங்காத பையன் ஒருவன், வாய் திறக்காத பெண் ஒருத்தி, குடிகார அப்பா ஒருவர், இன்டர்வெலுக்குப் பிறகு எல்லோரும் வெள்ளைச் சட்டையில் பாஸ்.

பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' இவற்றிலிருந்து ரொம்பத் தள்ளி நிற்கிறது. சென்னையில் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள் நாலு பேர். அபார்ட்மென்டில் இருக்கும் பள்ளி மாணவி ஆர்த்தி. அவளோடு பழகி, அவளைச் செல்போனில் படம் பிடிக்கிற பணக்காரப் பையன் தினேஷ். அவன் அம்மா பள்ளிக்கூடம் நடத்துகிறவர். அதே அபார்ட்மென்டில் வீட்டு வேலை செய்கிற ஜோதி. கையேந்தி பவனில் வேலை பார்க்கிற வேலு. முறுக்குக் கம்பெனியில் கொத்தடிமையாக இருந்துவிட்டு வந்தவன். இரண்டு பேர் யூனிஃபார்மில், இரண்டு பேர் வேலையில். ஜோதி மேல் ஆசிட் வீசியவன் யார் என்பது தெரிந்த பிறகும், குற்றவாளி என்ற அச்சு பொருந்துகிற உடம்பு யாருடையது என்று இன்ஸ்பெக்டர் முடிவு செய்கிறார். வேலு உள்ளே போகிறான். அச்சு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் நம் சினிமாவில் குறைவு. 'டீன் ஏஜ்' என்ற பருவமே பள்ளியில் இருப்பவர்களுக்குத்தான் வாய்க்கிறது; ஜோதியும் வேலுவும் நேராகப் பெரியவர்கள் ஆகிவிட்டவர்கள். இரண்டு வருஷம் கழித்து விஜய் மில்டனின் 'கோலிசோடா' கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற நாலு பையன்களை வைத்து இதே இடத்தை வேறு விதமாகத் தொட்டது.

அப்புறம் 'அட்டகத்தி'. பா. இரஞ்சித்தின் முதல் படம், சென்னையின் புறநகர் ஓரம், +2வில் தேறாத தினகரன், பஸ்ஸில் வருகிற பள்ளி மாணவி. சினிமாவில் பார்த்த மாதிரி காதலிக்கத்தான் அவன் தலைகீழாக நிற்கிறான். பார்வை, பின்தொடர்தல், பஸ் படிக்கட்டு எல்லாம் இருக்கிறது. காதல் மட்டும் நடக்க மாட்டேன் என்கிறது. தோற்றால் சோகமாக இருக்க வேண்டும் என்பதும் சினிமா சொல்லிக்கொடுத்ததுதான். அவனுக்கோ சோகம் நிற்க மாட்டேன் என்கிறது, பசிக்கிறது. பின்னால் கல்லூரியில் 'ரூட்டு தல', அதாவது ஒரு பஸ் ரூட்டில் வருகிற மாணவர் கூட்டத்துக்குத் தலைவன், ஆகும்போதும் அதே கதை: ஒரு வேடத்தை மாட்டிப் பார்க்கிறான். அச்சுகள் திரையிலிருந்து இறங்கி ஒரு பையனுக்குள் எப்படிக் குடிபோகின்றன என்பதை உபதேசம் இல்லாமல், சிரிக்க வைத்துக் காட்டிய படம் அது.

மதியச் சாப்பாட்டு விஷயத்தில் நம் படங்கள் எதைத் தவறவிடுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். நம் படத்தில் டிபன் பாக்ஸ் என்றால் நட்பு. ஐந்து கை ஒரே டப்பாவில் விழும், பின்னணி இசை வரும். பொய் இல்லை, அதுவும் நடப்பதுதான். ஆனால் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பில் போய் நின்று பாருங்கள். மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். டப்பா கொண்டுவந்தவர்கள் வட்டமாக உட்காருவார்கள். மற்றவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு சத்துணவு வரிசைக்குப் போவார்கள். எம்.ஜி.ஆர். 1982இல் தொடங்கிய திட்டம், இப்போது பத்தாம் வகுப்பு வரை உண்டு, முட்டையும் உண்டு. எத்தனையோ பேரைப் படிக்க வைத்த சோறு. ஆனால் பதினான்கு வயதில் அந்த வரிசையில் நிற்பது எட்டு வயதில் நிற்பது மாதிரி இருக்காது. முட்டை வாங்கிக்கொண்டு தட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு வருகிற பிள்ளையும் உண்டு, பசித்தாலும் போகாமல் இருந்துவிடுகிற பிள்ளையும் உண்டு. ஹ்யூஸின் சாப்பாட்டுக் காட்சி சொன்னதை நம் ஊரில் ஒரு தட்டும் ஒரு டப்பாவும் சொல்லிவிடும். அந்தக் காட்சி நம் பள்ளிப் படங்களில் இன்னும் வரவில்லை என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

வராததற்குக் காரணம், அது வர்க்கத்தை மட்டும் காட்டாது, சாதியையும் காட்டிவிடும். தென் மாவட்டப் பள்ளிகளில் மணிக்கட்டில் கட்டுகிற வண்ணக் கயிறு எந்தச் சாதி என்று அறிவிக்கிற அடையாளமாகவே புழங்குகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரை அவருடைய பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன்பின் நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது: வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் இவற்றைப் பள்ளியில் தடை செய்ய வேண்டும், பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதிப் பெயரை நீக்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் சில. நம் பள்ளிக் காதல் படங்களில் பையனின் கையில் கயிறு இருக்கும், ஆனால் அது அவள் கட்டிவிட்ட கயிறு.

சென்னையில் இதையே வேறு மாதிரி கேட்பார்கள்: "எந்த ஏரியா?" கண்ணகி நகர், பெரும்பாக்கம், புளியந்தோப்பு என்று பதில் வந்தால் கேட்டவர் முகம் லேசாக மாறும். நகரத்துக்குள்ளிருந்த குடிசைப் பகுதி மக்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடங்கள்தான் கண்ணகி நகரும் பெரும்பாக்கமும். ஆனால் சினிமாவில் அந்தப் பெயர்கள் வந்தாலே கூடவே கஞ்சாவும் கத்தியும் வந்துவிடுகின்றன. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் இருந்தார். அதுவரை அந்த ஏரியாவை இப்படி ஒரு செய்திக்காகத் தலைப்பில் பார்த்த ஞாபகம் இல்லை.

ஏரியா என்ற அந்த அச்சின் இளைய வடிவம்தான் புள்ளிங்கோ. ஆறேழு வருஷத்துக்கு முன்னால் கானா பாட்டு, மீம், குறும் வீடியோ எல்லாம் சேர்ந்து உருவாக்கிய உருவம்: பக்கவாட்டில் ஒட்ட வெட்டி மேலே செம்பட்டை அடித்த முடி, இறுக்கமான பேன்ட், மூன்று பேர் உட்கார்ந்த ஸ்கூட்டர், உரத்த குரல். வடசென்னைப் பையன்கள் முதலில் தங்களைத் தாங்களே கொண்டாடிப் பாடியதுதான். பிறகு தென்சென்னை அதை எடுத்துக் கிண்டலாக்கியது. பிறகு டிவி காமெடி. பிறகு பள்ளிகள் கையில் எடுத்தன. 'புள்ளிங்கோ கட்டிங்' என்று சொல்லிப் பையன்களை வெளியே நிறுத்துவதும், சலூன் கடைக்காரர்களிடம் அப்படி வெட்டாதீர்கள் என்று தலைமையாசிரியர்கள் கேட்டுக்கொள்வதும் செய்தியானது. இதே தலையை ஒரு இன்டர்நேஷனல் பள்ளிப் பையன் வைத்துக்கொண்டு போனால் கொரியன் ஸ்டைல். யாருக்கும் பிரச்சினை இல்லை. முடி ஒன்று, பெயர் இரண்டு, வித்தியாசம் முகவரியில்.

இந்தப் பையன் படங்களில் வருவது பெரும்பாலும் ஒரு காட்சிக்கு. ஹீரோவிடம் அடி வாங்க, இல்லையென்றால் ஹீரோ கொடுக்கிற அறிவுரையைக் கேட்டுத் தலை குனிய. அமெரிக்கப் படத்தில் ரவுடி மாணவனுக்கு 1955லேயே ஜேம்ஸ் டீன் என்ற நடிகரின் முகம் கிடைத்துவிட்டது; அவன் ஏன் கோபமாக இருக்கிறான் என்று படம் முழுக்கக் கேட்டார்கள். நம்முடைய கடைசி பெஞ்ச் ஹீரோவுக்கும் அந்தச் சலுகை உண்டு. புள்ளிங்கோவுக்குக் கிடையாது. கடைசி பெஞ்ச் என்பது யார் வேண்டுமானாலும் உட்காரக்கூடிய இடம், அதனால் எல்லோரும் அதில் தங்களைப் பார்த்துக்கொள்ள முடிகிறது. புள்ளிங்கோ என்பது ஒரு பின்கோடு.

கடல் தாண்டிப் போன தமிழ்ப் பிள்ளைகளின் நிலைமை இன்னொரு தமாஷ். 2020இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடரில், அமெரிக்க ஹைஸ்கூலில் படிக்கும் தேவி விஸ்வகுமார் தமிழ்க் குடும்பத்துப் பெண். நடித்தவர் கனடாவில் வளர்ந்த ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணன். அங்கே இந்தியப் பிள்ளை என்றால் படிப்ஸ் என்ற அச்சு ஏற்கெனவே தயாராக இருந்தது. தேவி நன்றாகவும் படிக்கிறாள், பொய்யும் சொல்கிறாள், கோபத்தில் ஜன்னலையும் உடைக்கிறாள், பையன்களையும் துரத்துகிறாள். நல்ல தொடரா என்பதில் எனக்கு இரண்டு மனசு உண்டு. ஆனால் ஒரு தமிழ்ப் பதினைந்து வயதுப் பெண் தன் கதையின் நடுவில் நின்று தப்பு செய்ய, ஒரு சீசன் முழுக்க இடம் கிடைத்தது கலிபோர்னியாவில்தான், கோடம்பாக்கத்தில் கிடைக்கவில்லை.

கோடம்பாக்கத்துக்கு அந்த வயதுப் பார்வையாளர் மேல் பெரிய அக்கறை இல்லை என்பதும் உண்மை. படத்தை முதல் நாள் ஓட வைக்கிறவர்கள் இருபதைத் தாண்டியவர்கள் என்ற கணக்கு. தணிக்கை விதி கூட 2024இல் மாறி, யுஏ சான்றிதழை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டது. பதிமூன்றுக்கும் பதினாறுக்கும் நடுவில் தனியாக ஒரு பார்வையாளர் இருக்கிறார் என்று சட்டத்துக்குத் தெரிகிறது. அவருக்காக எழுதுகிறவர்கள் என்று பார்த்தால் இயக்குநர் ஹலிதா ஷமீம் மாதிரி விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்.

அந்தப் பிள்ளைகளும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பள்ளி விட்டதும் ரீல்ஸ் எடுக்கிறார்கள். அவற்றில் பாதி 'டாப்பர் எப்படி, லாஸ்ட் பெஞ்ச் எப்படி', 'எங்க மேத்ஸ் மிஸ்', 'ரிசல்ட் அன்னைக்கு எங்க வீடு' வகை. சினிமா கொடுத்த அச்சையே வாங்கித் தாங்களே போட்டு நடிக்கிறார்கள், சில சமயம் சினிமாவைவிட நன்றாக. ஒரே பையன் துண்டைப் போட்டுக்கொண்டு அம்மாவாகவும், கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்ஸாகவும், முடியைக் கலைத்துவிட்டுப் புள்ளிங்கோவாகவும் முப்பது நொடியில் வந்து போகிறான். முப்பத்தைந்து வயது ஹீரோ பள்ளி யூனிஃபார்ம் போட்டு வருகிற வேலையை 15 வயதில், இலவசமாக, மூன்று வேடத்தில் செய்கிறான். அச்சு அவனைப் பிடித்து வைத்திருக்கிறதா, அவன் அச்சை வைத்து விளையாடுகிறானா என்று கேட்டால், வீடியோவுக்கு வீடியோ பதில் மாறுகிறது. கீழே வருகிற கமென்ட்களில் மட்டும் மாற்றம் இல்லை: "எந்த ஏரியா தம்பி?"